யூடியூப் விளம்பரம் நிற்காது, டிவி வாயை மூடும்

எங்கள் அபார்ட்மென்ட்டில் யார் வீட்டு வைஃபை படுத்தாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கம். அப்படித்தான் மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வைஃபை நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு வேறொரு சந்தேகம். "தம்பி, ஃபயர்வால்னு ஒண்ணு போட்டா வீடு முழுக்க விளம்பரமே வராதாமே? யூடியூப்ல வர்றதும் நின்னுடுமா?"

"யூடியூப்ல நிக்காது சார்" என்றேன். முகம் வாடிவிட்டது. அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அங்கே ஏன் நிற்காது, வேறு எங்கே நிற்கும் என்று சொல்லத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. இரண்டு காபியும் ஆயிற்று. அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறோம். செய்தியும் தலைப்பும் அந்தப் பத்திரிகையின் சர்வரிலிருந்து வருகின்றன. கூடவே அந்தப் பக்கத்துக்குள் பிரவுசருக்குச் சில உத்தரவுகளும் இருக்கும். இந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று இன்ன சர்வரைக் கேள். இவர் வந்திருக்கிறார் என்று இன்னொரு சர்வரிடம் சொல்லிவிடு. பிரவுசர் மறுபேச்சு பேசாமல் செய்யும். அது போய்க் கேட்கிற இடத்தில், பக்கம் முழுதாகத் திறப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், போன் இன்ன மாடல், நேற்று வாஷிங் மெஷின் தேடினார், யார் எவ்வளவு தருகிறீர்கள்? ஜெயித்தவரின் படம் நம் திரைக்கு வரும். தோற்றவர்களும் வெறுங்கையோடு போவதில்லை. நாம் வந்த விவரம் ஏலத்துக்கு வந்த அத்தனை பேரிடமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டின் இரண்டு முக்கியமான துண்டுகளும் ஒரே வருடத்தில் பிறந்தவை. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டூலி, தளம் நம் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பான குக்கியை உருவாக்கினார். இணையக் கடையில் கூடைக்குள் போட்டதைத் தளம் மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அப்போதைய நோக்கம். அதே வருடம் அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் என்ற இணைய இதழில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டால் கிடைப்பதுதான் டபுள்கிளிக் மாதிரியான கம்பெனி. ஆயிரம் தளங்களில் ஒரே கம்பெனி விளம்பரம் போட்டால், ஒரே குக்கியை வைத்து ஆயிரம் தளங்களிலும் ஒருவரை அடையாளம் காணலாம். அந்தக் கம்பெனியை கூகுள் 310 கோடி டாலருக்கு விலை பேசி, 2008இல் கையகப்படுத்தியது. இன்றும் எந்த வீட்டு ஃபயர்வாலின் லாகை, அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தாலும் டபுள்கிளிக் டாட் நெட் என்ற பெயர் நாலு வரிக்கு ஒருமுறை கண்ணில் படும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. செய்தி ஒரு வீட்டிலிருந்து வருகிறது, விளம்பரம் இன்னொரு வீட்டிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் முகவரி வேறு. முகவரி வேறாக இருப்பதால்தான் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மறிக்க முடிகிறது. இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் இதுதான். மீதிப் பாதி, முகவரி ஒன்றாகிவிட்டால் என்ன செய்வது என்பது.

ஃபயர்வாலுக்குத் தீயரண், தீச்சுவர் என்றெல்லாம் நல்ல பெயர்கள் உண்டு. வேலை செய்கிற எந்த நெட்வொர்க் ஆளும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் ஃபயர்வால் என்றே எழுதிவிடுகிறேன். வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற தபால் உறைகளைப் பார்ப்பது அதன் வேலை. இணையத்தில் எல்லாம் சின்னச் சின்ன உறைகளாகத்தான் போகும், பாக்கெட் என்பார்கள். உறை மேல் அனுப்புநர் ஐபி முகவரி, பெறுநர் ஐபி முகவரி, எந்த போர்ட் என்ற எண் ஆகியவை இருக்கும். இவற்றைப் பார்த்து விடலாமா, மறிக்கலாமா என்று ஃபயர்வால் முடிவு செய்யும். உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க அதற்கு வழியில்லை. முன்பெல்லாம் தளங்கள் எச்டிடிபியில் ஓடிய காலத்தில் கடிதம் போஸ்ட் கார்டு மாதிரி திறந்தே கிடக்கும். பிரிவாக்ஸி போன்ற ப்ராக்ஸி நிரல் ஒன்றை நடுவில் உட்காரவைத்து, பக்கத்துக்குள்ளிருந்தே விளம்பரத்தைக் கத்தரித்து எடுக்கலாம். எச்டிடிபிஎஸ் வந்த பிறகு உறை ஒட்டப்பட்டுவிட்டது.

அதில் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. திறந்த கடிதத்தில் நாம் வெட்டலாம் என்றால் வழியில் நிற்கிற மற்றவர்கள் ஒட்டலாம். 2015இல் பெங்களூரில் ஒரு நிரலாளர் தன் சொந்தத் தளத்தை ஏர்டெல் 3ஜியில் திறந்து பார்த்தபோது, தான் எழுதாத ஜாவாஸ்கிரிப்ட் துண்டு ஒன்று உள்ளே செருகப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை ஊரறியச் சொன்னதற்கு, அந்தத் தொழில்நுட்பத்தைத் தந்த ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்திடமிருந்து அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. எச்டிடிபிஎஸ் பரவிய பிறகு அந்த வித்தை எடுபடுவதில்லை. ஆக, உறை ஒட்டியிருப்பது நமக்கு நல்லதுதான். விளம்பரத்தை மறிக்க வேறு வழி பார்க்க வேண்டும், அவ்வளவே.

சரி, உறை மேல் இருக்கிற ஐபி முகவரியை வைத்தே மறித்தால் என்ன? முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இது. செய்து பார்த்தவர்கள் ஒரே நாளில் கைவிடுவதும் இதுதான். இன்று ஒரு தளத்துக்கு ஒரு ஐபி என்ற கணக்கெல்லாம் இல்லை. கிளவுட்ஃபிளேர் மாதிரியான நிறுவனங்களின் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் சம்பந்தமே இல்லாத எத்தனையோ தளங்கள் குடியிருக்கின்றன. ஒன்றை மறிக்கப் போனால் எல்லாம் போகும். 2025இல் ஸ்பெயின் நாட்டின் லா லிகா கால்பந்து அமைப்பு, திருட்டு ஒளிபரப்பை ஒழிக்க நீதிமன்ற உத்தரவோடு இப்படி ஐபி முகவரிகளை மறிக்கவைத்தது. ஆட்டம் நடக்கிற நேரத்தில் கால்பந்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தளங்களும் சேர்ந்து படுத்தன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

ஆகவே விளம்பரத்தை மறிக்கும் எந்த ஃபயர்வாலும் உண்மையில் பெயரைத்தான் பிடிக்கிறது. எந்தச் சாதனமும் ஒரு சர்வரோடு பேசும் முன் அதன் பெயரைச் சொல்லி ஐபி முகவரி என்ன என்று கேட்டாக வேண்டும். கேட்கிற இடத்துக்கு டிஎன்எஸ் என்று பெயர். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் இதை வடிவமைப்பதற்கு முன் இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட்டில் முழு ஊருக்கும் ஒரே முகவரிக் கோப்புதான் இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள், மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கோப்பின் மிச்சம் இன்றும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் கிடக்கிறது. டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் கம்ப்யூட்டர் அதில் ஒருமுறை பார்த்துக்கொள்ளும். விளம்பர சர்வரின் பெயரை அதில் எழுதி, எதிரே 0.0.0.0 என்று போட்டுவிட்டால் போதும் என்று யாரோ புத்திசாலிகள் கண்டுபிடித்தார்கள். அது யாரும் குடியில்லாத முகவரி. பிரவுசர் அங்கே போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும்.

இந்தப் பழைய தந்திரத்தை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து வீட்டின் வாசலுக்குக் கொண்டுவந்ததுதான் பை-ஹோல். ஜேக்கப் சால்மெலா என்ற அமெரிக்கர் தொடங்கி வைத்த இந்த இலவச நிரல், ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் ஓடும். வீட்டில் யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 0.0.0.0 என்று சொல்லிவிடும். அட்கார்டு ஹோம் என்று இன்னொன்று இருக்கிறது, அதே வேலை. தனிப் பெட்டி வேண்டாம், ஃபயர்வாலிலேயே இருக்கட்டும் என்பவர்களுக்கு பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் நிரலில் பிஎஃப்பிளாக்கர்என்ஜி, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச நிரல் போட்ட ரவுட்டர்களில் அட்பிளாக் என்ற பொதி. பெயர்கள் பயமுறுத்தும், உள்ளே நடப்பது மேலே சொன்னதுதான். பட்டியல்களையும் யார் யாரோ வேலைமெனக்கெட்டு இலவசமாகத் தொகுத்துத் தருகிறார்கள். ஸ்டீவன் பிளாக் என்பவர் பராமரிக்கும் ஹோஸ்ட்ஸ் பட்டியல் ஒன்றிலேயே பல்லாயிரம் பெயர்கள் இருக்கின்றன.

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வரலாம். யூடியூப்பில் நாம் பார்க்கிற பாட்டும் அதற்கு முன் வருகிற சோப்பு விளம்பரமும் கூகுள்வீடியோ டாட் காம் என்ற ஒரே பெயரின் கீழிருந்து வருகின்றன. சமையலும் அவர்களே, பரிமாறுவதும் அவர்களே. பெயரை மறித்தால் விளம்பரம் நிற்கும், பாட்டும் நிற்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் இதே கதைதான். பிரவுசருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் யூபிளாக் ஆரிஜின் போன்ற நீட்சியால், அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரலால் மட்டும் பக்கத்தைப் பிரித்துப் பார்த்து இதை எடுக்க முடியும். கூகுள் குரோம் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றி, 2024 முதல் பழைய நீட்சிகளைப் படிப்படியாக ஓரங்கட்டியதால், முழு யூபிளாக் ஆரிஜின் வேண்டுமென்றால் இப்போது ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் போக வேண்டியிருக்கிறது. டிவியில் யூடியூப் பார்க்கிறவருக்கு அந்த வழியும் கிடையாது.

"அப்புறம் எதுக்குத் தம்பி இவ்வளவு மெனக்கெடணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில், விளம்பரத்தை மறந்துவிடுங்கள் சார் என்பது. உள்ளே வருவதை வடிகட்டுவதில் ஃபயர்வால் சுமார்தான். அதன் உண்மையான பலம், வெளியே போவதை மறிப்பதில் இருக்கிறது. நீட்சி போட முடியாத, பிரவுசரே இல்லாத பொருட்கள் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள் என்றேன். ஹாலில் டிவி, பேரன் கையில் டேப்லெட், சிசிடிவி கேமரா, போனில் இருக்கும் ஆப் ஒவ்வொன்றும். இவற்றை விசாரிக்க வீட்டில் வேறு யாரும் இல்லை, வாசலில் இருப்பவரைத் தவிர.

டிவியிலிருந்தே தொடங்கலாம், அதுதான் பெரிய வாயாடி. பல ஸ்மார்ட் டிவிகளில் ஏசிஆர் என்றொரு வசதி உண்டு. யாருக்கு வசதி என்பது வேறு விஷயம். திரையில் ஓடும் காட்சியிலிருந்து அவ்வப்போது ஒரு கைரேகை மாதிரி எடுத்து சர்வருக்கு அனுப்பும். அங்கே இருக்கும் கிடங்கோடு ஒப்பிட்டு, இந்த வீட்டில் இந்த நேரத்தில் இந்த நிகழ்ச்சி என்று குறித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம் இதைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் செய்தது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் வழக்குப் போட்டன. ஒவ்வொரு நொடியும் என்ன ஓடுகிறது என்று எடுத்து, மற்ற கம்பெனிகளுக்கு விற்றிருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. டிவிக்கு இருபது சென்ட் கணக்கு.

2019இல் பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிவியில் செருகும் பெட்டிகளைச் சோதித்தார்கள். ரோக்குவில் ஆய்ந்த சேனல்களில் 69 சதவீதத்திலும், அமேசான் ஃபயர் டிவியில் 89 சதவீதத்திலும், யார் என்ன பார்க்கிறார் என்று பின்தொடரும் டிராக்கர்கள் இருந்தன. விளம்பரப் பின்தொடர்தலைக் குறைக்கச் சொல்லி அமைப்புகளில் ஒரு தேர்வு இருக்கிறதல்லவா, அதைப் போட்ட பிறகும் டிராக்கர் சர்வர்களோடு பேச்சுவார்த்தை குறையவில்லை. 2024இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களும் அமெரிக்க, ஸ்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து சாம்சங், எல்ஜி டிவிகளின் ஏசிஆரைப் பார்த்தபோது, எச்டிஎம்ஐயில் லேப்டாப்பைச் சொருகி டிவியை வெறும் மானிட்டராக வைத்திருந்தாலும் கைரேகை எடுப்பது நடந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த டிவிகளில் அமைப்புகளுக்குள் போய் ஒப்புதலை விலக்கிக்கொண்டதும் ஏசிஆர் போக்குவரத்து நின்றுவிட்டது. எனவே முதலில் ரிமோட்டை எடுத்து அந்த மெனுவைத் தேடிப் பிடியுங்கள். பத்து பக்கம் உள்ளே ஒளித்து வைத்திருப்பார்கள், பொறுமை வேண்டும்.

ஏசிஆர் சர்வர்களுக்கென்று தனிப் பெயர்கள் இருக்கின்றன. பெயருக்குள்ளேயே 'ஏசிஆர்' என்ற எழுத்துகள் இருப்பதும் உண்டு. நிகழ்ச்சி வருகிற முகவரி வேறு, ஒற்று போகிற முகவரி வேறு. ஃபயர்வால் காத்திருந்த இடம் இதுதான். மறித்தால் படத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை, டிவிக்கு மட்டும் பேச ஆளில்லை.

ஆனால் டிவி நாம் காட்டிய டிஎன்எஸ்ஸைத்தான் கேட்கும் என்று யார் சொன்னது? இங்கேதான் பெயர்ப் பட்டியல் மட்டும் போதாமல் போய், பழைய பாணி ஃபயர்வால் விதிகள் தேவைப்படுகின்றன. டிவியில் சொருகும் குரோம்காஸ்ட் போன்ற சாதனங்கள் வீட்டு டிஎன்எஸ்ஸைக் கண்டுகொள்ளாமல் நேராக கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8க்குப் போய்க் கேட்பது பிரசித்தம். பை-ஹோல் மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது; லாகில் அந்தச் சாதனம் சாதுவாக இருக்கும். டிஎன்எஸ் கேள்வி போவது 53ஆம் போர்ட்டில். வீட்டுக்குள்ளிருந்து 53க்குப் போகிற எந்த உறையானாலும், மேலே யார் முகவரி எழுதியிருந்தாலும், நம் டிஎன்எஸ் பக்கம் திருப்பிவிடு என்று ஃபயர்வாலில் ஒரு விதி எழுதலாம். கேட்ட சாதனத்துக்கு 8.8.8.8 பதில் சொன்ன மாதிரியே இருக்கும். ஏமாற்று வேலைதான். நம் வீட்டில் நம் மின்சாரத்தில் ஓடுகிற பொருளிடம் என்பதால் எனக்கு உறுத்தவில்லை.

2016இல் டிஎன்எஸ் கேள்வியையும் உறையில் போட்டு ஒட்டும் முறை வந்தது. அது 853 என்ற தனி போர்ட்டில் போகும், அதை மூடுவது சுலபம். 2018இல் வந்த டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ்தான் தலைவலி. அது 443இல், சாதாரண தளங்கள் எல்லாம் போகிற அதே வழியில், கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும். இணைப்பு தருகிற கம்பெனி நம் டிஎன்எஸ்ஸை உளவு பார்க்கக் கூடாது என்பதற்காக நல்லெண்ணத்தோடு உருவான ஏற்பாடு அது. அதே கத்தி, வீட்டுக்காரர் கண்ணிலிருந்து டிவி தப்பிக்கவும் உதவும். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது. குறிப்பிட்ட ஒரு பெயரைக் கேட்டுப் பார்க்கும். வீட்டு டிஎன்எஸ் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொன்னால், தானாகப் போட்டுக்கொண்ட இந்த ஏற்பாட்டை விலக்கிக்கொள்ளும். மற்றவற்றுக்கு, இந்தச் சேவை தரும் பிரபல சர்வர்களின் பட்டியலை வாங்கி மறிப்பதுதான் வழி. எல்லாம் சிக்காது.

நம் ஊரில் பலரும் கோட்டை விடுகிற இடம் இன்னொன்று. பழைய ஐபி முகவரி முறையான ஐபிவி4க்கு அடுத்து வந்த ஐபிவி6 உலகில் அதிகமாகப் பரவிய நாடுகளில் இந்தியா ஒன்று. ரவுட்டரில் ஐபிவி4க்கு மட்டும் டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், சாதனங்கள் ஐபிவி6 வழியாக இணைப்புக் கம்பெனியின் டிஎன்எஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருக்கும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட மாதிரி. நானும் முதல் மூன்று வாரம் அப்படித்தான் இருந்தேன், பட்டியலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு, இணைப்போடு கொடுத்த பெட்டியில் டிஎன்எஸ்ஸை மாற்றவே விடவில்லை. வாடிக்கையாளர் சேவையில் "அப்படியெல்லாம் மாத்த முடியாதுங்க சார்" என்பதோடு முடித்துவிட்டார்கள். கடைசியில் அந்தப் பெட்டிக்குப் பின்னால் பழைய ரவுட்டர் ஒன்றை வைத்து, அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டு, வீட்டையே அதன் பின்னால் நகர்த்தினேன்.

வீட்டு வாசலில் எவ்வளவு காவல் போட்டாலும் போன் தெருவுக்குப் போனதும் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். ஆண்ட்ராய்டில் இதற்கு இரண்டு வழி. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. விளம்பரத்தை வடிகட்டும் டிஎன்எஸ் சேவை ஒன்றின் பெயரை அதில் எழுதிவிட்டால், எந்த நெட்வொர்க்கில் இருந்தாலும் அதையே கேட்கும். நம் கேள்விகள் எல்லாம் அந்தச் சேவைக்குத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம், ஒற்றனை மாற்றிக்கொள்வதாகவும் ஆகலாம்.

இன்னொரு வழி போனுக்குள்ளேயே ஃபயர்வால். முன்பு இதற்கு போனை ரூட் செய்ய வேண்டும், அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்து முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்துக்காரர் ஒருவர் எழுதிய நெட்கார்டு, ரூட் இல்லாமலே இதைச் செய்கிறது. ஆண்ட்ராய்டில் விபிஎன்னுக்கு என்று ஓர் இடம் இருக்கிறதே, அதில் போய் உட்கார்ந்துகொண்டு, எல்லா ஆப்களின் போக்குவரத்தையும் போனுக்குள்ளேயே தன் வழியாகத் திருப்பிக்கொள்கிறது. எதுவும் வெளி சர்வருக்குப் போவதில்லை. ஒரே இடம் என்பதால் வேறு விபிஎன்னை அப்போது ஓட்ட முடியாது, அலுவலக விபிஎன் தேவைப்படுகிறவர்களுக்கு இது இடைஞ்சல். ஒரு வேடிக்கை, கூகுள் பிளே ஸ்டோரில் கிடைக்கும் நெட்கார்டில் விளம்பரப் பட்டியல் வசதி கிடையாது. ஸ்டோரின் விதி அனுமதிக்காது. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து இறக்கினால் இருக்கிறது.

பட்டியல் இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆப் ஆப்பாக நெட்டை மூடலாம் என்பதே பெரிய விஷயம். ராகுகாலம் பார்க்க வைத்திருக்கும் தமிழ் நாள்காட்டி ஆப்புக்கு இந்த வருடத்துப் பஞ்சாங்கம் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. டார்ச்சுக்கும் கால்குலேட்டருக்கும் எதற்கு நெட்? மூடிவிட்டால் விளம்பரக் கட்டம் வெள்ளையாகக் கிடக்கும், ராகுகாலம் அதே நேரத்துக்குத்தான் வரும். ஆசிரியர் வீட்டம்மாவின் போனில் நான் முதலில் செய்தது இதுதான். அவருக்கு அன்று கிடைத்த ஒரே கண்கூடான பலனும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, உடைவது. உடையாமல் இருக்காது. கூகுளில் எதையாவது தேடினால் மேலே முதல் இரண்டு மூன்று முடிவுகள் விளம்பரமாக இருக்கும். அவை கூகுளிலிருந்தே வருவதால் திரையில் தெரியும். தொட்டால், வழியில் இருக்கும் விளம்பரக் கணக்கு சர்வர் மறிக்கப்பட்டிருப்பதால் பக்கம் திறக்காது. "என்னங்க, நெட் போயிடுச்சா?" என்ற குரல் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்தது. மூன்றாவது முடிவுக்குக் கீழே தொடச் சொல்லிப் பார்த்தேன், வேலைக்காகவில்லை. அந்த ஒரு பெயரை மட்டும் மறிக்காமல் விட்டுவிட்டேன், குடும்ப அமைதி முக்கியம். பட்டியல் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்ற மயக்கம் எனக்கும் இருந்தது. ஏழெட்டுப் பட்டியல்களைக் குவித்து, பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்று, எந்தப் பெயரால் நின்றது என்று நள்ளிரவில் லாகைத் துழாவியபோது தெளிந்தது. இப்போது ஒரே பட்டியல்தான், கூடவே டிவிக்கென்று நானே எழுதிய சில பெயர்கள்.

இதைப் படிக்கிற சிலர், தளங்கள் பிழைப்பதே விளம்பரத்தில்தானே, அதில் மண் போடலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழில் சின்னத் தளம் நடத்துகிற நண்பர்கள் எனக்கும் உண்டு. அச்சுப் பத்திரிகையில் வரும் வரி விளம்பரம் என்னை எந்த விதத்திலும் தொந்தரவு செய்ததில்லை, நான் அதைப் படித்தேனா என்று அதற்குத் தெரியாது. ஒரு தளம் ஜவுளிக்கடை விளம்பரப் படத்தைத் தன் சொந்த சர்வரில் வைத்துக் காட்டினால் உலகத்தில் எந்த ஃபயர்வாலும் அதை மறிக்காது. மறிபடுவது, நடுவில் உட்கார்ந்து யார் வந்தார் என்று குறிக்கிற கூட்டம். விளம்பரத்தையும் வேவையும் ஒரே சர்வரில் கட்டி வைத்தது நாம் அல்ல. தவிர அந்த நடுக்கூட்டத்தின் காவல் எவ்வளவு லட்சணம் என்பதும் தெரிந்ததே. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களில் வந்த விளம்பரங்கள் வழியாகவே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பரவியது. அந்தப் பத்திரிகைகள் தவறு செய்யவில்லை. தங்கள் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று அவர்களுக்கே தெரியாது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே, இணையத்தில் தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை சொன்னது.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. முகவரி வேறாக இருப்பதால்தானே மறிக்கிறார்கள், முகவரியை ஒன்றாக்கிவிடுவோம் என்று ஒரு வழி கண்டார்கள். 2019இல் பிரான்ஸின் லிபராசியோன் நாளிதழ்த் தளத்தில் ஒரு துணைப் பெயர் கண்ணில் பட்டது. பார்வைக்கு அது பத்திரிகையின் சொந்தப் பெயர்தான். டிஎன்எஸ்ஸில் விசாரித்தால் யூலேரியன் என்ற டிராக்கிங் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் மறுபெயர். வாடகைக்கு வந்தவர் வாசலில் வீட்டுக்காரர் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்ட மாதிரி. இதில் மட்டும் டிஎன்எஸ்ஸில் உட்கார்ந்து மறிப்பவருக்கு ஒரு அனுகூலம் உண்டு. குரோம் நீட்சிக்கு பெயர்ப்பலகைதான் தெரியும். டிஎன்எஸ்ஸுக்கு அந்தப் பெயர் எந்தப் பெயருக்குப் போகிறது என்ற முழுச் சங்கிலியும் தெரியும். பை-ஹோல் 2020இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து சங்கிலியின் கடைசி வரை பார்த்து மறிக்கிறது.

அதற்கடுத்த வழிக்கு நம்மிடம் பதில் இல்லை. நாம் இணையக் கடையில் வாங்குகிறோம். கடையின் சர்வர், நம் போனைக் கேட்காமல், தானே ஃபேஸ்புக் சர்வரிடம் போய் இன்னார் இதை வாங்கினார் என்று சொல்லிவிடுகிறது. கன்வர்ஷன்ஸ் ஏபிஐ என்று பெயர் வைத்து வெளிப்படையாகவே தருகிறார்கள். அந்த உறை நம் வாசல் வழியாகப் போவதே இல்லை. நம் வாசலில் எத்தனை ஃபயர்வால் போட்டு என்ன?

இதையெல்லாம் கேட்டு முடித்த ஆசிரியர், வீட்டில் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரை வைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டம்மாதான் கேட்டார். "நாங்க சீரியல் பார்க்கிறது அந்தப் பக்கவாட்டுல சொருகியிருக்கிற குச்சியிலதானே தம்பி, டிவிக்குன்னு தனியா எதுக்கு வைஃபை?"

டிவி வாங்கிய அன்று நிறுவ வந்த பையன் பாஸ்வேர்டு கேட்டு இணைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு அந்த மெனுவுக்குள் யாரும் போனதில்லை. குச்சிக்குத் தனி வைஃபை இருக்கிறது, டிவிக்கு அந்த இணைப்பால் ஒரு உபயோகமும் இல்லை. ரிமோட்டை வாங்கி, நெட்வொர்க்கை மறந்துவிடு என்ற தேர்வைத் தேடி அழுத்தினேன். குச்சியின் பேச்சை அடக்க என் பட்டியலைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை.